டிஸ்போசல் ஜீப் முதல் இசுஸு வரை: சித்தூரின் பழைய வண்டிகள்

வண்டி மாற்றப் போகிறேன் என்று சித்தூருக்குப் போனில் சொன்னேன். "புதுசா?" என்றார் மாமா. "இல்ல மாமா, இதுவும் பழசுதான், ஆறு வருஷம் ஓடினது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "அமெரிக்கா போயி இருபது வருஷம் ஆச்சு, இன்னும் பழைய வண்டியாடா?" என்று கேட்டார். ஊரில் யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றால் எப்படிக் கேட்பாரோ, அதே குரல்.

என் பிழைப்பு அப்படி. டெக்சாஸில் மண் பரிசோதனை செய்யும் பொறியாளர் நான். கட்டடம் எழும்பும் முன் பூமியில் துளை போட்டு மண் எடுத்துப் பார்க்க வேண்டும். துளையிடும் யந்திரம் ஒரு ட்ரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் சேர்த்து 4 டன் வரும். அதை இழுக்க ஒரு செவர்லே 2500 பிக்கப், 2006-ஆம் வருடத்து மாடல், நான் மூன்றாவது சொந்தக்காரன். இந்த வேலைக்குப் புது வண்டி வாங்கினால் கடன் கட்டவே துளை போட வேண்டும்.

மாமாவிடம் பதில் பேசவில்லை, பேசினால் அத்தை போனை வாங்கிக்கொள்வார். ஆனால் அவர் வருத்தத்தில் ஒரு சரித்திரப் பிழை இருக்கிறது. சித்தூர் மாவட்டம் சக்கரத்தில் ஏறியதே அடுத்தவன் ஓட்டிப் போட்ட வண்டியில்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1911-ல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் துண்டு துண்டாக எடுத்துத் தைத்த மாவட்டம் சித்தூர். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது, சித்தூர் வரவில்லை. அதனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மட்டும் மெட்ராஸ் புதுப்பேட்டை என்று மூன்று ஊர்க்காரர்களாக வளர்ந்தோம்.

மோட்டார் வண்டிக்கும் எங்கள் பக்கத்துக்கும் பெரிய உறவு தொடங்கியது 1944-ல் என்று சொல்லலாம். அந்த ஏப்ரலில்தான் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது, திறந்தவர் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப். அதுவரை மேலே போக வேண்டுமென்றால் கால்நடை, முடியாதவர்களுக்கு டோலி, சாமான்களுக்குத் தலைச்சுமை. யுத்த காலத்தில் திறந்த சாலை என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோலுக்கு ரேஷன். மாகாணத்தில் பல பஸ்கள் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடிய நேரம். சாலை தயார், வண்டிதான் இல்லை!

வண்டி வந்தது யுத்தம் முடிந்த பிறகு. பர்மா முனைக்காக அமெரிக்கா இந்தியாவில் கொண்டுவந்து குவித்த ஜீப், டாட்ஜ், ஜி.எம்.சி. லாரிகளைத் திரும்பக் கப்பலேற்றுவது கட்டுப்படியாகவில்லை. 1946-ல் ஒப்பந்தம் போட்டு மிச்சச் சரக்கை இந்திய அரசிடம் விட்டார்கள். அதை விற்பதற்கு டிஸ்போசல்ஸ் என்று ஒரு தனி இலாகாவே இருந்தது. உங்கள் தாத்தா தலைமுறையில் யாராவது "டிஸ்போசல் ஜீப்பு", "டிஸ்போசல் டயரு" என்று சொல்லிக் கேட்டிருந்தால், அது இங்கிருந்து வந்த சொல்தான். பட்டாளத்து லாரியின் தலையை வைத்துக்கொண்டு பின்னால் மரத்தில் பாடி கட்டினால் பஸ், பலகை அடித்தால் லோடு வண்டி. ஆக, நம் நாட்டின் முதல் தலைமுறை வேலை வண்டிகளில் பல பிறந்தபோதே செகண்ட் ஹேண்ட்.

அதன் பிறகு உள்நாட்டு உற்பத்தி வந்தது. பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. மெட்ராஸில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் (1955-லிருந்து அசோக் லேலண்ட்), ஜாம்ஷெட்பூரில் 1954-லிருந்து டாட்டா-பென்ஸ். ஆனால் லைசென்ஸ் ராஜ்யத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டில்லி தீர்மானித்தது. பணம் இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். கையில் சேஸிஸ் கிடைத்தவன் அதை அன்றைக்கே லாபத்துக்கு விற்கலாம் என்ற நிலை. அப்படிப்பட்ட காலத்தில் புங்கனூரிலோ பங்காருபாளையத்திலோ இருக்கும் ஒரு மாந்தோப்புக்காரருக்கு யார் புது வண்டி கொடுப்பார்கள்?

அவருக்குக் கிடைத்தது "கண்டம்" ஆன வண்டி. அரசாங்கத்தில் பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், பொதுப்பணித்துறை ஜீப் எல்லாவற்றையும் ஒரு கட்டத்தில் கண்டம் செய்து ஏலம் விடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி எடுத்த ஜீப் வைத்திருந்தார். கதவில் பெயின்ட் அடித்திருந்தாலும் வெயில் சாய்வாக விழும்போது அடியிலிருந்து அரசு முத்திரை லேசாகத் தெரியும். பின்பக்கத்தை வெட்டி ஒரு முழம் நீட்டி, பட்டையில் இரண்டு பிளேட் கூடுதலாகச் சேர்த்து, சீசனில் மாங்காய், மற்ற நாளில் பால் கேன், முகூர்த்த நாளில் திருப்பதிக்குக் கல்யாண வீட்டார். பிக்கப் என்ற வார்த்தை எங்களுக்குத் தெரியாது. "தொட்டி ஜீப்" என்போம்.

ராணுவ ஏலம் இன்னொரு ரகம். ஜபல்பூர் தொழிற்சாலையில் நிஸ்ஸான் உரிமத்தில் செய்த ஒன்-டன் வண்டியும் ஜோங்காவும் இருந்தன. 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அமெரிக்கக் கணக்கில் ஹெவி டியூட்டி என்று சொல்லத் தகுந்த ஒரே சாமான் அதுதான். இழுக்கும், எதையும் இழுக்கும். குடிக்கவும் குடிக்கும், அதனால் வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் எஞ்சினை உட்காரவைத்தார்கள்.

இந்த எஞ்சின் மாற்றுவது பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவன் எல்லாம் டீசலுக்கு அலைந்தான். மெட்ராஸ் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தது நமக்கு அதிர்ஷ்டம். மகிந்திராவே 1979-ல்தான் பெஜோ டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. அதற்கு முன்னாலேயே பட்டறைக்காரர்கள் டிராக்டர் எஞ்சினையும் ஜீப் கியர்பாக்ஸையும் ஒரு தட்டு வைத்துப் பற்றவைத்துச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். சத்தம் ஊரைக் கூட்டும். ஆனால் ஓடியது.

இழுவை என்றால் எனக்கு ஞாபகம் வருவது மொகிலி கணவாய். பழைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை சென்னையிலிருந்து ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், முல்பாகல் வழியாகத்தான் பெங்களூருக்குப் போனது. சித்தூரைத் தாண்டியதும் மொகிலி ஏற்றம். அளவுக்கு மேல் லோடு ஏற்றிய லாரிகள் அங்கே கிரவுன் உடைந்தோ ஆக்சில் முறிந்தோ நிற்கும், இறங்கும்போது பிரேக் போய்க் கவிழ்வதும் உண்டு. அதற்காகவே பின்னால் ஒரு இரும்புத் தூணும் கைச் சங்கிலியும் வைத்த ரெக்கவரி ஜீப்புகள் ரோட்டோரம் காத்திருக்கும். தூக்குகிற வண்டி தூக்கப்படுகிற வண்டியைவிட வயசானதாக இருக்கும் :-)

பின்னால் தங்க நாற்கரச் சாலை வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் போய்விட்டது. சென்னை-பெங்களூர் போக்குவரத்தில் பெரும்பகுதி சித்தூரை விட்டு விலகியது. டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் ரெக்கவரி ஜீப்புக்கும் ஒரே நேரத்தில் அடி.

சரி, இத்தனை பழைய வண்டியை வாங்கியவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதுதான் இந்தக் கதையின் நடுக்கண்டம் என்று நான் நினைக்கிறேன். வண்டி வரலாறு எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே எழுதுவார்கள், கடனைப் பற்றி எழுத மாட்டார்கள்.

புது வண்டிக்குத் தவணைக் கடன் தென்னிந்தியாவில் சீக்கிரமே வந்துவிட்டது. டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த டி.எஸ்.சந்தானம் 1954-ல் மெட்ராஸில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். 1969-ல் வங்கிகள் தேசியமயமான பிறகு சின்ன லாரி ஓனர்களுக்கும் முன்னுரிமைக் கடன் என்று கொள்கை வந்தது. ஆனால் எட்டு வருடம் ஓடிய லாரியை ஒரு டிரைவர் வாங்க நினைத்தால்? அவனிடம் சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது, அடமானம் வைக்க வீடு கிடையாது. அந்த லாரி என்ன விலை பெறும் என்று வங்கி மேனேஜருக்குத் தெரியாது. கடைசியில் ஊர் ஃபைனான்ஸ்காரரிடம்தான் போக வேண்டும். ஆர்.சி. புத்தகமும் ஒரு சாவியும் அவரிடம் இருக்கும். இரண்டு தவணை தவறினால் விடிகாலையில் வீட்டு வாசலில் வண்டி இருக்காது. அந்தக் காலி வாசலைப் பார்த்து நின்ற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

இந்த இடத்தில்தான் ஆர்.தியாகராஜன் வருகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1974-ல் மெட்ராஸில் சிலரோடு சேர்ந்து ஸ்ரீராம் சீட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். மற்றவர்கள் தொட அஞ்சிய பழைய லாரிக்கும், மற்றவர்கள் நம்பாத டிரைவருக்கும் கடன் கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஆளைப் பார்ப்பது, லாரி ஸ்டாண்டில் விசாரிப்பது, மாதா மாதம் நேரில் போய் வசூலிப்பது. தர்மமில்லை, வியாபாரம்தான், வட்டியும் வங்கி வட்டி இல்லை. இருந்தாலும் நேற்றுவரை ஸ்டியரிங் மட்டும் பிடித்தவன் இன்றைக்கு ஓனர் ஆனது அந்த வழியில்தான். அதே கம்பெனி 2022 கடைசியில் குழுமத்தின் மற்ற நிறுவனங்களோடு இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது.

கடன் கிடைத்ததும் ஒரு ஏணி உருவானது. பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு விற்கும். அதை வேலூர்க்காரரோ நாமக்கல்காரரோ வாங்கி ஐந்து வருடம் ஓட்டுவார். அடுத்து அது எல்லை தாண்டி எங்கள் பக்கம் வரும். என்.ஓ.சி. வாங்கி, ஆந்திர வரி கட்டி, ஏ.பி. நம்பர் ஏறும். எங்கள் ஆளும் ஓட்டி முடித்தால் செங்கல் சூளை, மணல், கடைசியில் புதுப்பேட்டையில் நட்டு போல்ட்டாகப் பிரிந்து இன்னொரு வண்டிக்குள் போகும். ஏணியில் ஒவ்வொருவரும் தன் வண்டியை மாற்றும்போது கீழே இருப்பவனுக்கு ஒரு படி கிடைக்கிறது. மேலே இருப்பவன் பழைய வண்டியை நல்ல விலைக்கு விற்க முடிவதும் கீழே ஒருவன் கடன் வாங்க முடிவதால்தான்.

டெக்சாஸில் என் பக்கத்து ரான்ச்காரர் பெரிய பிக்கப்பில் குதிரை ட்ரெய்லரை இழுப்பதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து வந்த தம்பி கேட்டான், "நம்ம ஊர்ல ஏண்ணா இது வரல?" நல்ல கேள்வி. பதில்: வந்தது, ஆனால் அதன் பெயர் டிராக்டர். 1960-ல் மெட்ராஸில் டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. உழவுக்கு வாங்கிய டிராக்டருக்கு வருடத்தில் பாதி நாள் வயலில் வேலை இல்லை. பின்னால் ஒரு ட்ராலியை மாட்டினால் கரும்பு, வெல்லம், மாங்காய், செங்கல், கட்சி மாநாட்டுக்கு ஆள் எல்லாம் போகும். விவசாய வண்டி என்பதால் வரியும் லேசு. வேகம் போகாது, ஆனால் யார் ஓடச் சொன்னார்கள்?

மாங்காய் சீசனில் அதன் அருமை தெரியும். சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் எடுப்பது பெரும்பாலும் தோத்தாபுரி, நாம் பெங்களூரா, கிளிமூக்கு என்கிற ரகம். எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் காய் இறங்கும், தொழிற்சாலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். 2025-ல் விலை அடியோடு சரிந்தது. கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று ஜூனில் தடை போட்டார்கள், கர்நாடகம் சண்டைக்கு வந்தது. அந்த மாதிரி வருடத்தில் வாடகை லாரி வரிசையில் நின்றால் நிற்கும் வாடகையே காயின் விலையைத் தின்றுவிடும். கடன் அடைந்த பழைய டிராக்டர் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும், சோறு கேட்காது.

எண்பதுகளின் நடுவில் ஜப்பான்காரர்கள் வந்த கதை பலருக்கு நினைவிருக்கும். டி.சி.எம். டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, சுவராஜ் மாஸ்டா, அன்றைய நம் ஆந்திராவிலேயே ஜஹீராபாத்தில் ஆல்வின் நிஸ்ஸான். எல்லாம் அழகான வண்டிகள். 1986-ல் டாட்டா 407-ஐ இறக்கியது. ஆல்வின் நிஸ்ஸான் சில வருடங்களில் மகிந்திரா கைக்குப் போனது, டொயோட்டா இருந்த இடத்தில் தேவூ வந்தது. 407 மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது. எந்தப் பட்டறையிலும் பிரிக்கலாம், எந்தச் சந்தையிலும் விற்கலாம் என்பது தவிர வேறு ரகசியம் எனக்குத் தெரியவில்லை. 2005-ல் வந்த டாட்டா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, இன்னொரு கணக்கைப் போட்டது. பழைய பெரிய வண்டியின் விலைக்குப் புதிய சின்ன வண்டி. எங்கள் தெருத் தொட்டி ஜீப்பை முடிவாக ஓரங்கட்டியது ஒரு குட்டி யானைதான்.

இனிமேல்தான் வேடிக்கை. சென்னையிலிருந்து வடக்கே தடாவுக்குப் பக்கத்தில், சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி. 2016 ஏப்ரல் 27-ல் அங்கே இசுஸு தன் தொழிற்சாலையைத் திறந்தது. 107 ஏக்கர், ஆரம்பத் திறன் வருடத்துக்கு 50,000 வண்டி. செய்வது டி-மேக்ஸ் பிக்கப். அதில் வி-கிராஸ் என்கிற ரகத்தைச் சொந்த வண்டியாகவே, வெள்ளை போர்டில் பதிவு செய்யலாம். அப்போது அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4-லிருந்து புதிய திருப்பதி மாவட்டம். கண்டம் ஆன ஜீப்பை ஏலம் எடுத்து வெட்டி ஒட்டிப் பிக்கப் செய்துகொண்ட மாவட்டத்திலிருந்து முழுப் பிக்கப்புகள் வெளியே போகின்றன!

இசுஸு நமக்கு அன்னியமும் இல்லை. தொண்ணூறுகளில் அம்பாசடருக்கு உயிர் கொடுத்த 1800 ஐ.எஸ்.இசட். எஞ்சின் அவர்களுடையது. என் செவர்லேயின் மூடியைத் திறந்தால் இருக்கும் டுராமேக்ஸ் டீசல் எஞ்சினும் பாதி அவர்களுடையதுதான். ஜெனரல் மோட்டார்ஸும் இசுஸுவும் கூட்டாக ஓஹையோ மாநிலத்தில் 2000-ல் செய்ய ஆரம்பித்த எஞ்சின் அது. மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பாரா தெரியாது.

ஆனால் ஸ்ரீசிட்டி வாசலில் நின்று அந்த வண்டிகளைப் பார்க்கும் மாந்தோப்புக்காரர் அதை வாங்குவதில்லை. அவர் பார்ப்பது பொலேரோ பிக்கப்பையோ 407-ஐயோ, அதுவும் இரண்டாம் கையில். அந்த இரண்டாம் கைக்குத்தான் இப்போது நெருக்கடி. 2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கையை மத்திய அரசு அறிவித்தது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 12,500 ரூபாய் என்று பல மடங்கு ஏறியது. எட்டு வருடத்துக்கு மேல் ஆன லோடு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புகை குறைய வேண்டும், பிரேக் இல்லாத லாரி மொகிலியில் இறங்கக் கூடாது, இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தக் கணவாயில் நசுங்கிய வண்டிகளை நேரில் பார்த்தவன் நான். என் சண்டை எல்லாம் கணக்கில்தான். கொள்கை எழுதியவர்கள் ஏணியின் உச்சியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். புது வண்டி வாங்குகிறவனுக்குச் சலுகை உண்டு. கடைசிப் படியில் நிற்பவன் புது வண்டி வாங்கப்போவதே இல்லை, அவனுக்குக் கிடைப்பது இரும்பின் எடைக்கு விலை.

2023 ஏப்ரல் 1-லிருந்து 15 வருடம் ஆன அரசாங்க வண்டிகளின் பதிவே ரத்து. ஏலம் எடுத்து ரோட்டில் ஓட்ட முடியாது, பதிவு பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 1946-ல் திறந்த டிஸ்போசல் கதவு 77 வருடம் கழித்து அன்றைக்குச் சாத்தப்பட்டது. பி.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியில் டயர் இறங்கி நிற்கும் ஜீப்பை இனி யாரும் போய்த் தட்டிப் பார்த்து விலை பேச முடியாது.